காது கேட்டதைக் கண் படிக்கட்டும்

(பெங்களூரின் பீன்யாவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பீன்யா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது நிலாதான் நினைவுக்கு வருகிறது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 தரையிறங்கியபோது நாடே பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டு அறை இங்கே, இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில் இருக்கிறது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதில் நமக்குத் தனிப் பெருமையும் உண்டு. ஆனால் நான் பேச வந்திருப்பது நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் சின்னத் திரையைப் பற்றி. அதற்கும் இந்தப் பக்கத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. அடுத்தாற்போல ஜாலஹள்ளியில் இருக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1972ல் தூர்தர்ஷனுக்குத் தொலைக்காட்சி டிரான்ஸ்மிட்டர்களைச் செய்து கொடுத்தது. அதே 1972ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜூலியா சைல்டு என்ற அம்மையாரின் சமையல் நிகழ்ச்சி, காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் எழுத்தோடு ஒளிபரப்பானது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அப்படி வந்த முதல் நிகழ்ச்சி அது. ஒலியும் படமும் வீடு தேடி வர இங்கே வேலை நடந்துகொண்டிருந்த வருஷத்தில், அந்த ஒலியை எழுத்தாக மாற்றிப் போடும் வேலை அங்கே தொடங்கிவிட்டது. நம் வீடுகளுக்கு அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

சப்டைட்டில் என்றால் தெரியாத மொழிப் படத்தை விளங்கிக்கொள்வதற்கான மொழிபெயர்ப்பு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலையாளப் படத்துக்கு ஆங்கில எழுத்து, கொரியத் தொடருக்குத் தமிழ் எழுத்து. அந்தப் பயன் இருக்கட்டும். இன்று நான் சொல்ல வந்தது வேறு. காதில் எந்த மொழி விழுகிறதோ அதே மொழியில், எந்தச் சொல் விழுகிறதோ அதே சொல்லைத் திரையில் எழுத வேண்டும். தமிழ்ப் பாட்டுக்குத் தமிழ் எழுத்து, கன்னடத் தொடருக்குக் கன்னட எழுத்து. கேட்கும் திறனும் நினைவும் வலுப்பட வேண்டுமானால் இந்த வகைதான் உதவும். மொழிபெயர்ப்பு எழுத்து அந்த வேலையைச் செய்யாது. சில நேரம் கெடுக்கவும் செய்யும்.

லக்கெரேயிலோ தாசரஹள்ளியிலோ இருக்கும் ஒரு தமிழ் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து பிரஸ் ஷாப்பில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் காது மந்தம். டிவி சத்தம் தெருவுக்கே கேட்கும். மகனுக்குத் தொழிற்சாலையில் கன்னடம் சரளம், சூப்பர்வைசரோடு சண்டையும் போடுவார், சமாதானமும் ஆவார், ஆனால் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாது. பேரனுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் எழுத வரும். வீட்டில் தமிழில் வாயாடுவான். தமிழ் எழுத்து மட்டும் வராது. மூன்று பேரும் ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இல்லாதது ஒவ்வொன்று. மூன்றுக்கும் அந்தத் திரையின் அடியில் வரும் ஒரு வரி எழுத்து உதவும் என்பதுதான் என் பேச்சு.

தமிழர்களுக்கு இது ஒன்றும் புதிய பழக்கமில்லை. 1917, 1918 வாக்கில் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' பேசாத படம். காட்சிகளுக்கு நடுவில் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் எழுத்து அட்டைகள் வந்தன. அந்தக் காலத்துக் கொட்டகைகளில், எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒருவர் நின்று திரையில் வருவதை உரக்கப் படித்துச் சொல்வது உண்டு. 1931ல் படம் பேசத் தொடங்கிய பிறகு பாட்டுப் புத்தகம் வந்தது. கொட்டகை வாசலில் சில அணாவுக்குக் கிடைக்கும். கதையைப் பாதிவரை சொல்லிவிட்டு மிச்சத்தைத் திரையில் வந்து பார்க்கச் சொல்லும். பிறகு பாட்டுகள் வரிசையாக இருக்கும். இலங்கை வானொலியில் அந்தப் பாட்டு வரும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே பாடியவர்கள் இந்த அவையிலும் சிலர் இருப்பீர்கள். இரண்டாம் வகுப்போடு நின்றவர்கள்கூட அந்தப் புத்தகங்களைச் சரளமாகப் படித்தார்கள். காரணம் எளிது: அடுத்து வரப்போகும் சொல் எது என்று காதுக்கு முன்பே தெரியும். கண் தடுமாறும் இடத்தில் காது முந்திக்கொண்டு சொல்லிக்கொடுத்துவிடும். படிப்பு என்ற நினைப்பே இல்லாமல் படிப்பு நடந்தது.

இதையே தொலைக்காட்சியில் செய்யலாம் என்று தோன்றியவர் பிரிஜ் கோத்தாரி. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் படித்தவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்தார். 1996ல் நண்பர்களோடு ஒரு ஸ்பானியப் படம் பார்த்தார், ஆங்கில சப்டைட்டிலோடு. எழுத்தும் ஸ்பானிய மொழியிலேயே இருந்தால் பேசுவதைப் பிடித்துக்கொள்ள வசதியாக இருக்குமே என்று பேச்சு வந்தது. அங்கிருந்து இன்னொரு யோசனை கிளம்பியது. இந்தியாவில் இந்திப் பாட்டுக்கு அடியில் இந்தியிலேயே வரிகளைப் போட்டால் நாடு முழுக்கப் படிக்கக் கற்றுக்கொள்ளுமே என்று வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு அகமதாபாத் ஐஐஎம்மில் ஆசிரியராகச் சேர்ந்து அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

எழுத்தோடு ஒரு பாட்டையும் எழுத்தில்லாமல் ஒரு பாட்டையும் காட்டி மக்களைக் கேட்டார்கள். திரையை மறைக்கிறது, தொந்தரவு என்று சொல்வார்கள் என்பதுதான் அதிகாரிகளின் பயம். மக்களில் பெரும்பாலோர் எழுத்தோடு வந்த பாட்டைத்தான் விரும்பினார்கள். படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பதற்காக இல்லை. பாட்டின் வரி சரியாகத் தெரிகிறது, கூடவே பாடலாம் என்பதற்காக. தூர்தர்ஷன் முதலில் தயங்கியது. 1999ல் அகமதாபாத் நிலையத்தின் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியான 'சித்ரகீத்'தில் இடம் கொடுத்தது. 2002ல் உலக வங்கியின் ஒரு பரிசு கிடைத்த பிறகு 'சித்ரஹார்' நிகழ்ச்சிக்கும், பின்னர் ஞாயிறு காலை 'ரங்கோலி'க்கும் வந்தது. நம் 'ஒளியும் ஒலியும்' எப்படி வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைத் தெருவோடு கட்டிப்போட்டதோ, அப்படி வட இந்தியாவைக் கட்டிப்போட்டிருந்த நிகழ்ச்சிகள் அவை. பாடப் பாட அந்தந்தச் சொல் நிறம் மாறிக்கொண்டே போகும். எந்த எழுத்து எந்த ஒலிக்கு என்று விரல் வைத்துக் காட்டுகிற வேலையை அந்த நிறம் செய்தது.

2004ல் பிளானட்ரீட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பைக் கோத்தாரி தொடங்கினார். பலன் இருந்ததா? அவர்கள் வெளியிட்ட கணக்கு ஒன்று அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. ஐந்தாண்டு பள்ளிப் படிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகளில் இந்தியில் ஒரு பத்தியைச் சரளமாகப் படித்தவர்கள் நூற்றுக்கு சுமார் 25. பள்ளிப் படிப்போடு வாரம் அரை மணி எழுத்தோடு பாட்டும் பார்த்தவர்களில் 56. நான் இந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறேன். வாராவாரம் தவறாமல் டிவி பார்க்க முடிகிற வீட்டுக்கும் முடியாத வீட்டுக்கும் வேறு வித்தியாசங்களும் இருக்கும். ஆனால் பலன் பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும், வாத்தியார் இல்லை, வகுப்பறை இல்லை, பிள்ளையை உட்கார வைக்க மிரட்டலும் இல்லை. இந்த விலைக்கு இது பெரிய பலன்.

எழுத்து ஓடினால் யார் அதைப் பார்க்கப் போகிறார்கள், எல்லோரும் நடிகையைத்தானே பார்ப்பார்கள் என்று ஒரு கேள்வி உண்டு. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டிடேவால் குழுவினர் 1991ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பார்ப்பவரின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். தாய்மொழிப் படம், தாய்மொழியிலேயே சப்டைட்டில், படித்தாக வேண்டிய தேவை துளியும் இல்லை. அப்படியும் கண் எழுத்துக்குப் போனது. எழுத்துத் தெரிந்தவர்களின் கண், எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்காது. நாம் சாப்பிட்ட வடையின் எண்ணெய்க் காகிதத்தில் இருக்கும் பழைய செய்தியைப் படிக்கிறோமே, அந்தக் கதைதான்.

இனி காதுக்கு வருவோம்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே மிட்டரர், மெக்குவீன் என்ற இருவர் 2009ல் வெளியிட்ட சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பீன்யாவுக்கென்றே செய்தது போல இருக்கிறது. டச்சுக்காரர்கள் ஆங்கிலம் நன்றாகவே அறிந்தவர்கள். ஆனால் ஸ்காட்லாந்துக்காரரும் ஆஸ்திரேலியக்காரரும் பேசும் ஆங்கிலம் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. அவர்களைப் பல குழுக்களாகப் பிரித்து, 'டிரெயின்ஸ்பாட்டிங்' என்ற ஸ்காட்லாந்துப் படத்தையோ 'கேத் அண்ட் கிம்' என்ற ஆஸ்திரேலியத் தொடரையோ 25 நிமிடம் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு ஆங்கில எழுத்து, ஒரு குழுவுக்கு டச்சு எழுத்து, ஒரு குழுவுக்கு எழுத்தே இல்லை. பிறகு படத்தை நிறுத்திவிட்டு ஒலித் துண்டுகளை மட்டும் கொடுத்து, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அந்தத் துண்டுகளில் சில படத்தில் வந்தவை; சில அதே ஆள் பேசிய, இவர்கள் அதுவரை கேட்டிராத வாக்கியங்கள்.

ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் இரண்டையும் நன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். கேட்டிராத வாக்கியத்திலும் அவர்களுக்குக் காது திறந்திருந்தது. டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்குக் கதை நன்றாகவே புரிந்திருக்கும். ஆனால் புதிய வாக்கியங்களில், எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களைவிட அவர்கள் பின்தங்கினார்கள். ஏன்? காதில் ஒரு ஒலி விழுகிறது. அது என்ன சொல் என்று சந்தேகம் வருகிறது. அந்தச் சொல்லே எழுத்தில் தெரிந்தால், 'ஓ, இந்த ஆள் இந்தச் சொல்லை இப்படித்தான் சொல்கிறார்' என்று காது தன்னைத் திருத்திக்கொள்கிறது. அடுத்த முறை அதே மாதிரி ஒலி வந்தால் தயாராக இருக்கிறது. வேற்று மொழி எழுத்து பொருளைச் சொல்லிவிடுகிறது, ஒலியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பொருள் கிடைத்த பிறகு காது ஏன் உழைக்கப்போகிறது?

இதை இங்கே கொண்டுவந்து பாருங்கள். கர்நாடகத்தில் வேற்றுமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப்பிங் செய்வது 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் நடைமுறையில் நிறுத்தப்பட்டிருந்தது. 2015ல் இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அந்தக் காலமெல்லாம் இந்த ஊர்க் கன்னடக்காரர்கள் தமிழ்ப் படத்தைத் தமிழிலேயே பார்த்தார்கள். பெங்களூரில் தமிழ் கேட்டால் புரிகிற கன்னடக்காரர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். எழுத்துதான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாமும் அப்படியே, கன்னடத்தைக் காதால் மட்டும் வாங்கிக்கொண்டோம். மகன் கன்னடத் தொடரைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்தால் கதை தெரியும், கன்னடம் அங்கேயே நிற்கும். கன்னட எழுத்தோடு பார்த்தால், ஏற்கெனவே காதில் இருக்கும் மொழிக்குக் கண் கிடைக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் தெலுங்கு படித்தவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்; கன்னட எழுத்து அவர்களுக்குப் பாதி அறிமுகமான எழுத்து.

தாத்தாவின் காதுக்கு வேறு கணக்கு. இரைச்சலால் வரும் காது மந்தம், தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இடம்பெற்ற தொழில் நோய். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் நம் நாட்டில் வரம்பு. பிரஸ் ஷாப்பிலும் ஃபோர்ஜிங்கிலும் வேலை பார்த்தவர்களிடம் இந்த வரம்பைச் சொன்னால் சிரிப்பார்கள். இந்த வகைக் கேடு எல்லா ஒலியையும் ஒரே மாதிரி தின்பதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகள். 'ச', 'ட', 'த', 'ப' போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உயிரொலிகள் கீழே இருப்பதால் தப்பித்துவிடும். அதனால் தாத்தாவுக்கு டிவியில் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் கேட்டுக்கொண்டிருந்த உயிர்தான் இன்னும் கூடும்; போன மெய் திரும்ப வராது. திரையில் எழுத்து வந்தால் அந்த மெய்யைக் கண் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இதில் நினைவும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பேட்ரிக் ராபிட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1968ல் ஒரு சோதனையை வெளியிட்டார். எண்களை வரிசையாகச் சொல்லிக் கேட்பவரை நினைவில் வைக்கச் சொல்வது. முதல் பாதியைத் தெளிவாகச் சொல்லி, இரண்டாம் பாதியை இரைச்சலோடு சொல்வது. இரைச்சலில் வந்த எண்களையும் ஆட்கள் சரியாகவே பிடித்தார்கள். ஆனால் தெளிவாகக் கேட்ட முதல் பாதி மறந்துபோனது! பின்னால் வந்ததைப் பிடிக்கச் செலவான உழைப்பு, முன்னால் வந்ததைக் காப்பாற்ற வேண்டிய உழைப்பு. 'அப்பாவுக்கு வயசாகிவிட்டது, சொன்னது எதுவும் ஞாபகம் இருப்பதில்லை' என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த மறதியில் ஒரு பங்கு காதின் களைப்பாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுவதும் காதுக் கருவி வைப்பதும் முதல் வேலை. அதோடு டிவியில் எழுத்தைப் போட்டுக் கொடுத்தால், செய்தி முடிந்ததும் என்ன செய்தி என்று அவரே சொல்வார்.

காது நன்றாக இருப்பவர்களுக்கும் நினைவில் லாபம் உண்டு. பேர்ட், வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2002ல் காட்டியது இது: ஒலியும் எழுத்தும் சேர்ந்து கிடைத்த சொற்களை, பின்னால் வெறும் ஒலியாகக் கேட்டபோதும் ஆட்கள் நன்றாக இனங்கண்டார்கள். எழுத்தை எடுத்துவிட்ட பிறகும் பலன் காதில் தங்கியது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வைத்தார்களே, அந்த வாத்தியார்களுக்கு இது தெரிந்தே இருந்தது.

எந்த எழுத்தைப் போடுவது என்ற இடத்தில் தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இதில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஒருவர் 'வந்துக்கிட்டே இருக்கேன், நீ போய்க்கிட்டே இரு' என்கிறார். சப்டைட்டிலில் 'வந்துகொண்டே இருக்கிறேன், நீ போய்க்கொண்டே இரு' என்று போடுவதா, பேசியபடியே போடுவதா? தமிழாசிரியர்களில் பலரும் முதலாவதைத்தான் சொல்வார்கள். பிள்ளைகள் நல்ல தமிழ் கற்க வேண்டும் என்ற அக்கறை. அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்க மாட்டேன். காதில் ஒன்றும் கண்ணில் ஒன்றுமாக வந்தால், டச்சு எழுத்தோடு பார்த்தவர்களின் கதைதான் இங்கும் கொஞ்சம் நடக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பேரன், 'க்கிட்டே' என்று காதில் விழும்போது 'கொண்டே' என்று கண்ணில் கண்டால், தான்தான் தப்பாகப் படிக்கிறோம் என்று நினைப்பான். பேச்சுத் தமிழை எழுத்தில் எழுதுவது தமிழுக்கு ஒன்றும் அவமானம் இல்லை. புதுமைப்பித்தன் கதைமாந்தர்கள் திருநெல்வேலித் தமிழில்தான் பேசினார்கள். கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சுக்கு அகராதியே தொகுத்தார். கன்னடத்தில் தேவனூரு மகாதேவா நஞ்சன்கூடுப் பக்கத்துப் பேச்சில் 'குசுமபாலே' எழுதினார். சாகித்திய அகாதெமி பரிசு கொடுத்தது. செய்தி வாசிப்பு எழுத்துத் தமிழில் இருக்கிறது, அதற்கு அப்படி. வசனம் பேச்சுத் தமிழில் இருக்கிறது, அதற்கு இப்படி. பேரன் இரண்டையும் வேறுவேறாகவே கற்றுக்கொள்வான்.

பாட்டில் இந்தச் சண்டை குறைவு. ஒரு வரி மூன்று முறை திரும்ப வரும். சொல் இழுத்துப் பாடப்படும். எழுத்தைப் பார்க்க நேரம் கிடைக்கும். தொடங்குபவர்களுக்குப் பாட்டுதான் நல்லது என்று கோத்தாரி தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நம் பாட்டுகளுக்கு நேர்ந்திருப்பதைப் பாருங்கள். இப்போது படம் வருவதற்கு முன்பே லிரிக் வீடியோ வந்துவிடுகிறது. கோத்தாரி அதிகாரிகளிடம் நடையாய் நடந்து கேட்டதை, இசை நிறுவனங்கள் தாங்களாகவே செய்கின்றன. பாடப்படும் மொழியில் பாடப்படும் சொல்லே திரையில் வருகிறது. எழுத்து? பல வீடியோக்களில் ஆங்கில எழுத்து! தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். லகர ளகர ழகரம் மூன்றையும் அது சரிவரக் காட்டாது. குறில் நெடிலும் போய்விடும். பெங்களூரில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை பிடித்த பாட்டை எத்தனை முறை பார்ப்பான் என்று அவன் அம்மாவைக் கேளுங்கள். அத்தனை முறையும் அவனுக்கு இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய தமிழ்ப் படிப்பு கிடைக்காமலே போகிறது. தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் பார்க்க வேண்டுமே என்று அவர்கள் காரணம் சொல்லக்கூடும். தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என இரண்டு வெளியிட எவ்வளவு செலவாகிவிடும்? வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் இருக்கும் தமிழ்ச் சங்கங்கள் தமிழ் வளர்ச்சிக்கு என்று எத்தனையோ தீர்மானம் போடுகின்றன. இதற்கு ஒன்று போடலாம்.

சப்டைட்டில் செய்யாத வேலைகளையும் சொல்ல வேண்டும். ஓர் எழுத்துகூடத் தெரியாதவருக்கு அது அகரம் கற்றுக்கொடுக்காது. எழுத்துகளை ஏறக்குறைய அடையாளம் தெரியும், ஆனால் கூட்டிப் படிக்க நேரமாகிறது என்கிற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் பலன் அதிகம். எனவே பேரனுக்கு யாராவது உட்கார்ந்து எழுத்துகளைச் சொல்லித்தர வேண்டும். அதன்பின்தான் திரை உதவிக்கு வரும். இன்னொன்று, ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 2001ல் வெளியிட்டது. மின்னல் எப்படி உண்டாகிறது என்று படம் ஓட, குரல் விளக்க, அதே விளக்கத்தை எழுத்தாகவும் போட்டபோது மாணவர்களுக்குப் புரிதல் குறைந்தது. கண் படத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் எழுத்துக்குப் போய்விட்டது. ஆகவே தாய்மொழியில் தெளிவாகப் பேசும் ஒருவர் ஒரு மெஷினைக் காட்டி விளக்கும்போது எழுத்து தேவையில்லை. இங்குள்ள தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்: கை எங்கே போகக் கூடாது என்று காட்டும் காட்சியில் எழுத்து வேண்டாம், 'எமர்ஜென்ஸி ஸ்டாப்' போன்ற பெயர்களை மட்டும் எழுதினால் போதும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, காதில் விழும் மொழியை அரைகுறையாகப் புரிந்துகொள்கிற தொழிலாளிக்கு மட்டும் முழு எழுத்தும் உதவலாம், அதுவும் பேசும் மொழியிலேயே. பிறகு, இயந்திரம் தானாகக் கேட்டு எழுதும் சப்டைட்டில். தப்பும் தவறுமாக வந்தால் அணைத்துவிடுங்கள். காதைத் தவறாகத் திருத்துவதைவிடத் திருத்தாமல் விடுவது மேல்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் எழுத்துவரி, சைகை மொழி, ஒலி விளக்கம் ஆகியவற்றுக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 2019 செப்டம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கும், 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. அமெரிக்காவில் 1990ல் சட்டம் வந்தது. 1993 ஜூலை முதல் விற்பனைக்கு வரும், 13 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு புது டிவியிலும் எழுத்தைக் காட்டும் வசதி இருந்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. நமக்கு அந்த வசதி ஒவ்வொரு போனிலும் இருக்கிறது. எழுத்தைப் போடுபவர்கள்தான் குறைவு. காது கேளாதவர்கள் கேட்டுப் பெற்ற உரிமை இது. கேட்கிறவர்களான நாமும் சேர்ந்து கேட்டால் சேனல்காரர்களுக்குக் கணக்கு மாறும்.

இந்தக் கூட்டத்தை நடத்தும் மன்றம் என்ன செய்யலாம் என்று அதன் செயலாளர் முன்பே கேட்டிருந்தார். கோத்தாரி தொடங்கிய புக்பாக்ஸ் என்ற நிறுவனம் புதுச்சேரியிலிருந்து குழந்தைகளுக்கான சித்திரக் கதைகளைப் பல மொழிகளில், பேசும் மொழியிலேயே எழுத்தோடு யூடியூபில் போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் ஒரு கதையோ, தமிழ் எழுத்திலேயே வரும் ஒரு லிரிக் வீடியோவோ போடுங்கள். ஒரே பாட்டை வாரக்கணக்கில் போட்டாலும் பிள்ளைகள் சலிக்க மாட்டார்கள், நமக்குத்தான் சலிக்கும். பிறகு ஒரு நாள் திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் போட்டு, கேட்ட வரியை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம், பாட்டில் இல்லாத புதுச் சொற்களை அதே எழுத்துகளில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வரியை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்களா, உண்மையில் படிக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும். பெரியவர்களுக்கு இதே போலக் கன்னடத்தில் ஒரு மணி நேரம் வைக்கலாம். அதற்கு நம் பிள்ளைகளே வாத்தியார். அப்பாவுக்குக் கன்னட எழுத்தைப் பிள்ளை காட்ட, பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை அப்பா காட்டினால் யாருக்கும் சம்பளம் தர வேண்டாம்.

போனிலோ டிவியிலோ சப்டைட்டிலை எங்கே போய் ஆன் செய்வது, எந்த மொழியைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் கடைசி வரிசைக்குப் போங்கள். அங்கே போனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் காட்டித் தருவார்கள்.